கறுப்புக் கோட்டு மட்டும் போதுமா?

வக்கீல் தொழிலில் முன்னேற வழி என்ன?

பம்பாய் நகரம். சிறு வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டு. ஒரு பெண்ணுக்காக ஓர் இளம் வக்கீல் ஆஜராகியிருந்தார். சீமைக்குச் சென்று படித்து, பாரிஸ்டர் பட்டம் பெற்று வந்தவர் அவர். அதுதான் அவருக்கு முதல் வழக்கு. பீஸ் 30 ரூபாய்.

எதிர்த்தரப்புச் சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுந்து நின்றார். தலை சுற்றியது. கோர்ட்டே சுற்றுவதுபோல் இருந்தது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, வெட்கத்துடன் வெளியேறினார்.

அந்த இளம் வக்கீல் யார்? மகாத்மா காந்திதான்!

1891-ஆம் ஆண்டு லண்டனில் பாரிஸ்டர் ஆனவர் அவர். பிற்காலத்தில் தென் ஆப்பிரிக்காவில் 20 ஆண்டுகள் வக்கீல் தொழில் நடத்தினார். அங்கே அவர் பெயர் பெற்ற வக்கீலாக விளங்கினார். ஆரம்பத்தில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்தவர், பிறகு எப்படி முன்னேறினார்? அதில் இன்றைய இளம் வக்கீல்களுக்குப் பாடம் இருக்கிறது. மகனையோ மகளையோ சட்டம் படிக்க வைத்திருக்கும் பெற்றோருக்கும் பாடம் இருக்கிறது.

பட்டம் வேறு, தொழில் வேறு

பிளஸ்-2 முடித்தவர்கள் 5 ஆண்டு சட்டப் படிப்புப் படிக்கலாம். வேறு பட்டம் பெற்றவர்கள் 3 ஆண்டு படித்தால் போதும். பிறகு பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணமாகப் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கி வந்தார்கள். சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான். இது தவிர, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.

இவ்வளவும் முடிந்தால் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கே வருமானம் வந்துவிடாது. இதை வீட்டில் உள்ளவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். "படிக்க வைத்து ஆளாக்கினோமே, இன்னும் பஸ்ஸுக்குக்கூட நம்மிடம் காசு கேட்கிறானே!" என்று தந்தை வருத்தப்படுவது உண்டு. வக்கீல் தொழில் தென்னங்கன்று மாதிரி. நட்ட உடனே காய்க்காது. தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும்.

யாரிடம் சேருவது?

முதல் சில ஆண்டுகள் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருப்பது அவசியம். பெரிய பெயர் உள்ளவரிடம் சேர வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அவரிடம் எல்லா வகை வழக்குகளும் வருகின்றனவா? ஜூனியரை எழுத விடுகிறாரா? எழுதியதைத் திருத்திக் கொடுக்கிறாரா? சிறிய மனுவிலாவது ஜூனியரை வாதாட விடுகிறாரா? இவைதான் முக்கியம்.

கோர்ட்டில் வாய்தா வாங்க மட்டும் அனுப்பும் சீனியரிடம் 10 ஆண்டு இருந்தாலும் வாய்தா வாங்கத்தான் தெரியும்.

ஜூனியருக்கும் சாப்பாடு, வாடகை உண்டு. சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் ஜூனியர் வக்கீலுக்கு மாதம் குறைந்தது 20 ஆயிரம் ரூபாயும், மற்ற ஊர்களில் 15 ஆயிரம் ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை ஐகோர்ட்டு கூறியது. சேரும்போதே இதைப் பேசிக்கொள்வது நல்லது. வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்து, பிறகு மனக்கசப்புடன் பிரிவதில் யாருக்கும் லாபம் இல்லை.

காந்தியடிகளும் பம்பாயை விட்டு ராஜ்கோட்டுக்குச் சென்று, மனு எழுதும் வேலையைச் செய்தார். அதில் மாதம் சுமார் 300 ரூபாய் கிடைத்தது. வாதாடத் தைரியம் வராதவருக்கும் எழுத்து சோறு போட்டது! ஆகவே, மனு எழுதுவதைச் சிறிய வேலை என்று நினைக்கக்கூடாது. நன்றாக எழுதப்பட்ட மனு, பாதி வாதத்துக்குச் சமம்.

சின்ன ஆபீஸ் போதும்

தனியாகத் தொழில் தொடங்கும்போது, கடன் வாங்கிப் பெரிய ஆபீஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே வாடகையும் வட்டியும் கழுத்தைப் பிடிக்கும். அப்புறம், வரக்கூடாத வழக்கையும் வாங்கச் சொல்லும்.

வீட்டு முன்னறை போதும். ஒரு மேஜை, நாலு நாற்காலி, கட்டுகளை வைக்க ஓர் அலமாரி, தேவையான சட்டப் புத்தகங்கள், ஒரு கம்ப்யூட்டர், குடிக்கத் தண்ணீர். வருகிறவர் மனம் விட்டுப் பேச ஓர் ஒதுக்குப்புறம் வேண்டும். விவாகரத்து விஷயமாக வந்த பெண், பத்துப் பேர் நடுவில் எப்படி வாய் திறப்பாள்?

வாசலில் பெயர்ப் பலகை வைக்கலாம். அது அளவோடு இருக்க வேண்டும். "இந்தச் சங்கத்தின் தலைவர்", "அந்த வகை வழக்கில் நிபுணர்" என்றெல்லாம் அதில் எழுதக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. விளம்பரம் செய்வதும், வழக்குக் கேட்டு ஆட்களைத் தேடிப் போவதும் குற்றம்.

டைரிதான் உயிர்

வக்கீல் தொழிலில் தோற்றவர்களைப் பார்த்தால், பலர் சட்டம் தெரியாமல் தோற்றவர்கள் அல்ல. தேதியை மறந்து தோற்றவர்கள்!

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு விவசாயி, மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்த 2 லட்சம் ரூபாயைத் தெரிந்தவருக்குக் கடன் கொடுக்கிறார். கேட்டபோது தருவதாகப் புரோநோட்டு எழுதி வாங்குகிறார். பணம் திரும்பவில்லை. வக்கீலிடம் வருகிறார். எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வக்கீல் கட்டை அலமாரியில் வைக்கிறார். "அடுத்த வாரம் போடலாம்" என்கிறார். 3 ஆண்டு முடிந்து ஒரு நாள் ஆகிவிட்டது. அவ்வளவுதான். புரோநோட்டு இருக்கும், கையெழுத்து இருக்கும், கடன் வாங்கியவரும் எதிரில் நடமாடுவார். பணம் மட்டும் வராது! அப்பீல் தாமதத்தைக் காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். வழக்கையே தாமதமாகப் போட்டால் அந்த மன்னிப்பும் கிடையாது.

அந்த விவசாயிக்கு அது மகளின் கல்யாணம். வக்கீலுக்கு அது டைரியில் எழுதாமல் விட்ட ஒரு வரி.

சில கெடுக்களை எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்:

செக் திரும்பினால், பாங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளில் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் கோர்ட்டு 90 நாள் வரை நீட்டிக்கலாம்.

ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானால், அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்.

சிவில் அப்பீல் ஜில்லா கோர்ட்டுக்கு என்றால் 30 நாள். ஐகோர்ட்டுக்கு என்றால் 90 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு இடத்தில் தேதி எழுத வேண்டும். வக்கீலின் டைரியில் ஒன்று, குமாஸ்தாவின் டைரியில் ஒன்று. கெடு முடியும் நாளை மட்டும் எழுதினால் போதாது. அதற்கு 10 நாள் முன்பாகவே "இந்த வேலை பாக்கி" என்று ஓர் எச்சரிக்கை எழுதிவைக்க வேண்டும். தினமும் மாலையில் ஆபீசுக்கு வந்ததும், அன்று நடந்த வழக்குகளுக்கு அடுத்த தேதி எழுதிய பிறகே காப்பி குடிப்பது என்று வைத்துக்கொண்டால் தப்பே வராது.

லிங்கனின் தொப்பி

அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன், அதற்கு முன்பு இல்லினாய்ஸ் மாநிலத்தில் வக்கீலாக இருந்தார். உயரமான தொப்பி போடுவது அவர் வழக்கம். கடிதங்களையும் காகிதங்களையும் அந்தத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்! 1850-ஆம் ஆண்டு ஒருவர் எழுதிய கடிதத்துக்கு அவர் பதில் போடவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினார். கடிதத்தைப் பழைய தொப்பியில் வைத்திருந்தாராம். மறுநாள் புதுத் தொப்பி வாங்கிவிட்டாராம். பழைய தொப்பியோடு கடிதமும் மூலைக்குப் போய்விட்டது!

லிங்கன் மேதை. அவருக்கு அது தாங்கும். மற்றவர்களுக்குத் தாங்காது. ஒரு வழக்குக்கு ஒரு கட்டு. கட்டின் மேலே வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், போன் நம்பர், அடுத்த தேதி. உள்ளே முதல் காகிதம், அந்த வழக்கில் இதுவரை நடந்ததைச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு. மூலப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது. நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ரசீது கொடுக்க வேண்டும்.

காதைக் கொடுங்கள்

கட்சிக்காரர் முதலில் வருவது யோசனை கேட்க மட்டும் அல்ல. தன் துன்பத்தைச் சொல்லவும்தான். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசக்கூடாது. கதையைக் கேட்டபின், காகிதத்தைக் கேட்க வேண்டும். சொத்து வழக்கு என்றால் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது. வாய் சொல்வதும் காகிதம் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"நூற்றுக்கு நூறு ஜெயம் நமக்குத்தான்" என்று சொல்லவே கூடாது. ஜட்ஜு சொல்ல வேண்டிய தீர்ப்பை வக்கீல் எப்படிச் சொல்ல முடியும்? வழக்கில் உள்ள பலம் என்ன, ஓட்டை என்ன, எவ்வளவு காலம் ஆகலாம், என்ன செலவாகும் என்பதைத் தமிழில், புரியும்படி சொல்ல வேண்டும். தோற்ற கட்சிக்காரர்கூட, உண்மை சொன்ன வக்கீலிடம் மறுபடியும் வருவார். பொய்யாக நம்பிக்கை கொடுத்தவரிடம் வரமாட்டார்.

ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும், "இன்று இது நடந்தது, அடுத்த தேதி இது" என்று போனில் ஒரு வரி அனுப்ப வேண்டும். இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. அதைக் கொண்டு வழக்கின் நிலையைச் செல்போனிலேயே பார்க்கலாம். அந்த எண்ணைக் கட்சிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மறைக்க ஒன்றும் இல்லாத வக்கீலுக்கு அதில் என்ன பயம்?

பீஸ் வாங்குவது எப்படி?

பல இளம் வக்கீல்களுக்கு வாதாடத் தெரியும். பீஸ் கேட்கத் தெரியாது. "பார்த்துக் கொடுங்கள்" என்பார்கள். கட்சிக்காரர் பார்ப்பார். கொடுக்கமாட்டார்!

முதல் நாளே பேசிவிட வேண்டும். எவ்வளவு பீஸ், எத்தனை தவணை, கோர்ட்டுக் கட்டணமும் மற்றச் செலவும் அதில் சேர்ந்ததா, அப்பீலுக்குத் தனியா என்பதை ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும். முழு பீஸையும் முன்பணமாக வாங்கினால் வேலையில் அக்கறை குறைந்துவிடும் என்பது லிங்கனின் கருத்து. தவணையில் வாங்குவதே இரு பக்கத்துக்கும் நல்லது.

செய்யக்கூடாதவையும் உண்டு. "ஜெயித்தால் சொத்தில் பாதி எனக்கு" என்று பங்கு பேசக்கூடாது. வழக்கு நடத்தக் கட்சிக்காரருக்குக் கடன் கொடுக்கக்கூடாது. தான் நடத்திய வழக்கில் ஏலம் போகும் சொத்தைத் தானே வாங்கக்கூடாது. இவை எல்லாம் பார் கவுன்சில் விதிகள். பீஸ் பாக்கி என்பதற்காகக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பாக்கிக்கு வேறு வழியில் பரிகாரம் தேடலாம்.

கட்சிக்காரர் பணத்தையும் சொந்தப் பணத்தையும் கலக்கவே கூடாது. விபத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு வந்த நஷ்டஈட்டுப் பணம், ஒரு நாள்கூட வக்கீலின் வீட்டுச் செலவோடு சேரக்கூடாது. தனிக் கணக்கு, தனி நோட்டு. நல்ல பெயர் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தரகர் வேண்டாம்

போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும், ஆஸ்பத்திரி வாசலிலும், கோர்ட்டு வாசலிலும் சிலர் நிற்பார்கள். "வழக்குப் பிடித்துத் தருகிறேன், எனக்கு இவ்வளவு" என்பார்கள். பசியோடு இருக்கும் இளம் வக்கீலுக்கு ஆசை வரும். முதல் வழக்கில் காந்தியடிகளிடமும் தரகுப் பணம் கேட்டார்கள். பெரிய வக்கீல்களே கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அப்படியும் அந்த வழக்கு அவருக்கே கிடைத்தது.

தரகர் கொண்டுவரும் கட்சிக்காரர் வக்கீலின் கட்சிக்காரர் அல்ல, தரகரின் கட்சிக்காரர். நாளைக்கு வேறொருவர் அதிகம் கொடுத்தால் அங்கே போய்விடுவார். சட்டமும் சும்மா விடாது. வழக்குத் தரகர் வேலை செய்கிறவருக்கு 3 மாதம் வரை ஜெயில் தண்டனை விதிக்க, 2023-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டம் திருத்தப்பட்டது.

கற்பது நிற்கக்கூடாது

தென் ஆப்பிரிக்காவில் காந்தியடிகளுக்குக் கிடைத்த வழக்கு, இரண்டு வியாபாரிகளின் கணக்குத் தகராறு. அவருக்குக் கணக்கு எழுதும் முறையே தெரியாது. அவர் என்ன செய்தார்? புத்தகம் வாங்கிக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டார். அதன்பிறகு கட்சிக்காரரின் வழக்கு அவருக்குத் தெளிவாகப் புரிந்தது.

சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. கொலைக்கு 302 என்று குழந்தைகூடச் சொல்லும். இப்போது அது 103. மோசடிக்கு 420 என்பது 318 ஆகிவிட்டது. 30 ஆண்டு அனுபவசாலியும், நேற்று வந்த ஜூனியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டிய நிலை! படிக்கிற ஜூனியருக்கு இது நல்ல சந்தர்ப்பம்.

ஆரம்பத்தில் எல்லா வழக்கும் பார்க்கலாம். பிறகு ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போக வேண்டும். விபத்து நஷ்டஈடு, குடும்ப வழக்கு, நிலம், தொழிலாளர் வழக்கு, வரி என்று பல துறைகள் இருக்கின்றன. வீடு வாங்குகிறவர்களுக்கும் பாங்கிகளுக்கும் பத்திரம் பார்த்து யோசனை சொல்வதில் நிலையான வருமானம் உண்டு. "இந்த விஷயமா? அவரிடம் போங்கள்" என்று மற்ற வக்கீல்களே சொல்லும் அளவுக்கு ஒன்றில் தேர்ச்சி வேண்டும்.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை நம் நாட்டில் பெண்கள் வக்கீல் ஆவதற்குத் தடை இருந்தது. இன்று பெண் வக்கீல் இல்லாத கோர்ட்டு உண்டா? தொழிலில் உயர்வு, படிப்பையும் உழைப்பையும் பொறுத்ததே.

சமரசமும் வெற்றிதான்

கணக்கு கற்ற காந்தியடிகள் என்ன கண்டார்? தன் கட்சிக்காரர் பக்கம் பலமாக இருந்தது. ஆனால் வழக்கு நீண்டால் இரண்டு வியாபாரிகளும் அழிந்துபோவார்கள். இருவரும் உறவினர்கள், ஒரே ஊர்க்காரர்கள்! இருவரையும் பேசிச் சம்மதிக்க வைத்து, மத்தியஸ்தரிடம் விட்டார். தன் கட்சிக்காரரே ஜெயித்தார். தோற்றவர் சுமார் 37 ஆயிரம் பவுன் கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் கொடுத்தால் அவர் திவாலாகிவிடுவார். ஆகவே, நீண்ட காலத் தவணைக்கு இணங்கும்படி தன் கட்சிக்காரரிடமே பேசினார். இருவரும் பிழைத்தார்கள். பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதே வக்கீலின் வேலை என்று அன்று உணர்ந்ததாகக் காந்தியடிகள் எழுதியிருக்கிறார்.

இன்று சமரசத்துக்கு வசதிகள் உண்டு. சென்னை ஐகோர்ட்டில் 2005-ஆம் ஆண்டிலேயே சமரச மையம் தொடங்கப்பட்டது. லோக் அதாலத்தில் முடிந்தால் அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

"சமரசம் செய்தால் வக்கீலுக்கு வருமானம் போய்விடாதா?" என்று கேட்கலாம். போகாது. அண்ணன்-தம்பி வழக்கை முடித்து வைத்தவரிடம், அடுத்த முறை அண்ணனும் வருவான், தம்பியும் வருவான்!

குமாஸ்தா பேசிய தமிழ்

கட்சிக்காரர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் வக்கீலை அல்ல, குமாஸ்தாவை. அவர் சிடுசிடுத்தால் கட்சிக்காரர் வாசலோடு திரும்பிவிடுவார். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது வக்கீலின் கடமை என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. அது குமாஸ்தாவுக்கும் பொருந்தும். நல்ல குமாஸ்தாவுக்கு முதல் தேதி சம்பளம் கொடுக்க வேண்டும், தன் காப்பியைத் தள்ளி வைத்தாவது!

நல்ல குமாஸ்தாவால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சம்பவம்.

1894-ஆம் ஆண்டு. தென் ஆப்பிரிக்காவின் நேட்டால் பகுதி. காந்தியடிகள் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு கூலித் தொழிலாளி அவர் ஆபீசுக்கு வந்தார். கிழிந்த உடை. உடைந்த முன்பற்கள். வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது. தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கி நின்றார். அவர் ஒரு தமிழர். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாக வேலை செய்தவர். வெள்ளைக்கார எஜமானன் அடித்துவிட்டான்.

அவருக்குத் தமிழ்தான் தெரியும். காந்தியடிகளின் குமாஸ்தாவும் தமிழர். விவரம் முழுவதையும் அவர் கேட்டுச் சொன்னார். காந்தியடிகள் முதலில் பாலசுந்தரத்தைத் தலைத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார். அப்புறம் நேராக மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். எஜமானனை ஜெயிலுக்கு அனுப்புவது அவர் நோக்கம் அல்ல. பாலசுந்தரத்தை அவனிடமிருந்து மீட்க வேண்டும், அதுதான் நோக்கம். அப்படியே வேறு எஜமானனிடம் மாற்றிக் கொடுத்தார்.

இந்தச் செய்தி தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. நமக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்று கூலித் தொழிலாளர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். சென்னை வரை அந்தச் செய்தி எட்டியது.

விளம்பரம் இல்லை, தரகர் இல்லை, பெரிய பலகை இல்லை. வந்தவரை மதித்தார். அவர் சொன்னதைக் கேட்டார். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையை அன்றைக்கே செய்தார்.

பம்பாயில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்த அதே வக்கீல்தான் இவர். இன்று முதல் வழக்கில் தடுமாறி, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்திருக்கும் இளம் வக்கீல் இதை நினைத்துக்கொள்ளட்டும். நாளைக் காலையில் எழுந்து, டைரியைப் பார்த்து, கட்டை எடுத்துக்கொண்டு நேரத்தோடு கோர்ட்டுக்குப் போகட்டும்.